பின்பக்கத்து எண்

கண் படிப்பதற்கு முன்பே பியோனாவின் விரல்கள் அந்த எண்ணைத் தட்டி முடித்திருந்தன. லெப்டொப்பில் பச்சை அடையாளம் விழுந்தது: குறையற்றது.

"பயப்பிடாதீங்க அக்கா, இது நல்ல போன்தான்."

"சும்மா வச்சாலும் சுடுதுகா," என்றாள் தன்னாமுனையிலிருந்து மழையில் நனைந்து வந்திருந்த கேதீஸ்வரி. "ஆனா நீங்க சொன்னாச் சரிதான்."

அவள் போனைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு கிழமையாக இதே வேலை. அந்த வகைப் போன்களில் ஒரு பகுதிக்குப் பற்றரி பழுது, வீங்கித் தீப்பிடிக்கும் என்று கம்பனி அறிவித்ததிலிருந்து, புளியந்தீவில் வீட்டு முன்னறையில் பியோனாவும் கணவன் வோல்ட்டரும் நடத்தும் கடைக்குச் சனம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள பின்பக்கத்து எண்ணைக் கம்பனியின் இணையப் பக்கத்தில் தட்டினால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். இதுவரை தட்டியதெல்லாம் பச்சை. நம்முடைய சரக்கு சுத்தம் என்று வோல்ட்டர் மார்தட்டினான். அவளும் பெருமைப்பட்டாள், பைத்தியக்காரி.

ஆனால் விரல்களுக்கு எப்படித் தெரிந்தது?

மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, வாவிப் பக்கமிருந்து சேற்று வாடை ஏறிவர, பகல் மூன்று மணிக்கே இருண்டுபோன கடையில், உள்ளறையில் ஆறு வயது மகள் பமீலா பார்க்கும் கார்ட்டூனின் கீச்சுக்குரலைக் கேட்டபடி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த போன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். 90817 என்று முடிந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்பதிலும் ஒரே எண், விரல்களுக்குப் பழகிப்போன எண்.

நகத்தால் சுரண்டினாள். ஒட்டுத்தாள் உரிந்து வந்தது. அடியில் வேறொரு எண். தட்டினாள். சிவப்பு. உடனே அணைத்துவிடுங்கள், அருகில் வைத்திருக்காதீர்கள்.

அடப் பாவி! எத்தனை பேரை இந்த வாயால் பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்!

பமீலாவின் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது பியோனாவின் சொந்தப் போனில். கலியாண நாளுக்கு வோல்ட்டர் வாங்கித் தந்தது. எழுந்தாள். நின்றாள். ஊரை ஏய்த்தாலும் பெண்சாதியை ஏய்ப்பானா? இல்லை என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். ஏறாவூருக்குப் போயிருந்தவனைக் கடையின் பழைய பட்டன் போனில் அழைத்தாள்.

"எல்லாத்திலயும் ஒரே நம்பர் ஒட்டியிருக்கு, வோல்ட்டர்."

அவள் கண் உள்ளறைப் பக்கம் போனது.

"என்ட போன்லயும் ஒட்டினீங்களா?"

"வித்து முடியட்டும், மறுகா மாத்தித் தரலாம் எண்டுதான்..." அவன் குரல் தாழ்ந்தது. "பமீலாட கையில மட்டும் குடுத்திராத, என்ன?"

பதினொரு வருடம் இந்த மனிசனை நம்பியிருந்தாள்.

கார்ட்டூன் நின்றது.

மழை. இருட்டு. நாலே அடி தூரம். இனிப்பாக ஒரு வாடை, நகப்பூச்சு வாடை. கதவு.

பமீலா கட்டிலில் கவிழ்ந்து கிடந்தாள். போன் அவள் கன்னத்துக்கடியில், இரண்டு கையாலும் அணைத்தபடி. அதன் கண்ணாடி ஒரு பக்கம் சட்டத்தை விட்டு எழும்பியிருந்தது. அந்த இடுக்கில் அவள் தலைமுடி கொத்தாகச் சிக்கியிருந்தது.

"சத்தம் போடாதீங்க மம்மி," கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இது உள்ளுக்க மூச்சு விடுது."

இடுக்கிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை அவள் காதோரமாக ஏறிக்கொண்டிருந்தது.