மஞ்சள் கொடி போன பிறகு

“நிக்கச் சொன்ன இடத்துல நிக்கத் தெரியாதா உங்களுக்கு?”

“சத்தம் போடாதீங்க… தெருவே பார்க்குது.”

“பார்க்கட்டும்! இவரு லட்சணம் எல்லாருக்கும் தெரியட்டும்!”

பார்த்தோம். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் ஒரு சன்னல்கூடச் சாத்தியிருக்கவில்லை. புல்லட்டை விட்டு இறங்காமலே கத்திக்கொண்டிருந்தவள் மன்னார்புரம் செல்லக்கண்ணு மகள் ஆனந்தவள்ளி. வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றவன் நம் மயிலம்மாளின் ஒரே பிள்ளை ஜெயக்குமார். தூறல் வேறு. ஹெல்மெட்டைக் கழற்றிய அவள் கண்கள்… மையும் மழையும் கோபமுமாக… அப்படி முறைத்தன. இந்த மடையனோ குடை எடுக்கக்கூடத் தோன்றாமல் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கதி இதுதான். சிக்மகளூர் மலையில் பைக் ஓட்டுகிறவர்கள் கூடும் திருவிழா. கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து ஒரு பட்டாளம் கிளம்பியது. இவர்கள் இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டதே அன்று காலை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். அவன் கையிலிருந்த டீ அவள் பூட்ஸில் கொட்டியது. அவள் சிரித்தாளாம்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாலை பிரியும் இடத்தில் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும். மஞ்சள் கொடி கட்டிய கடைசி வண்டி தாண்டும்வரை நகரக் கூடாது. கரூரில் ஈரோட்டுத் திருப்பத்தில் நின்றவன் ஜெயக்குமார். கொடி போனது, இவனும் போய்விட்டான். பின்னால் வந்த ஆனந்தவள்ளி, ஆளைக் காணாமல் நேரே போய் வெள்ளகோவிலில் நின்றாள். போனில் சார்ஜ் இல்லை. பதறிய இவன் செய்த காரியம் என்ன தெரியுமா? பெயர்ப் பட்டியலில் நம்பரைத் தேடி, அவள் வீட்டுக்கே போன் போட்டு, “உங்க பொண்ணைக் காணோம்ங்க” என்றான்!

அவள் போனுக்கு உயிர் வந்ததும் வந்த முதல் அழைப்பு அப்பாவுடையது. “திரும்பி வா. வண்டியை விக்கிறேன்.” திருவிழாவைக் கண்ணால் பார்க்காமலே திரும்பினாள். இவன் ஊர் திரும்பிய அன்றே வாசலுக்கு வந்துவிட்டாள்.

“என் சம்பளத்துல வாங்கின வண்டிங்க! நாளைக்கு எவனோ வந்து ஓட்டிட்டுப் போகப் போறான். எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க, தப்பு உங்களோடதுன்னு!”

எதிர்த்துப் பேசுவான், இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் என்று நாங்கள் வசதியாக உட்கார்ந்தால்… “சரிங்க, வரேன்” என்றுவிட்டான். சப்பென்று போய்விட்டது.

நல்லவேளை, செல்லக்கண்ணுவுக்கு எதிர்வீடு என் நாத்தனார் வீடு. அங்கே நடந்ததும் ஒன்றுவிடாமல் எனக்கு வந்து சேர்ந்தது.

“எல்லாம் என் தப்புங்க. நான் நின்னிருக்கணும்.”

“பொறுப்பில்லாத பயலே! என் பொண்ணுக்கு ஒண்ணு ஆகியிருந்தா?” செல்லக்கண்ணு கையை ஓங்கிவிட்டார்.

“அப்பா, போதும்!” ஆனந்தவள்ளி குறுக்கே வந்தாள். “கடைசி வண்டியைப் போகச் சொன்னதே நான்தான். கூடாரக் கயிறு அவுந்துருச்சு. கொடி வண்டி ஓட்டின நஸ்ருல்லா பாய் துணைக்கு நிக்கிறேன்னாரு. பொம்பளைன்னு நிக்கிறாரோன்னு எனக்கு ரோசம்… நான் வந்துக்கிறேன்னு விரட்டிட்டேன்.”

செல்லக்கண்ணு ஓங்கிய கையை இறக்கினார். ஜெயக்குமார் மட்டும் அசரவில்லை.

“உங்களுக்கு… தெரியுமா?” என்றாள் அவனிடம்.

“அன்னைக்கே பாய் சொல்லிட்டாருங்க.”

“தெரிஞ்சுமா தெருவுல அவ்வளவு திட்டு வாங்குனீங்க? வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!” அவளுக்கு மறுபடி கோபம்.

“சொல்லியிருந்தா நீங்க கிளம்பியிருப்பீங்களே…”

மழை வலுத்தது. முறைக்கத்தான் முயன்றாள்… கண்கள் ஒத்துழைக்கவில்லை.

“இனிமே எங்கயாவது நிக்கச் சொன்னா?”

“கொடி போனாலும் போக மாட்டேன். நீங்க வந்தாத்தான் போவேன்.”

“டீயைக் கொட்டினப்பவே உங்களைப் பிடிச்சுப்போச்சு… அதை நினைச்சாத்தான் இன்னும் எரிச்சலா வருது!”

“என் வீட்டு வாசல்லயேவா!” செல்லக்கண்ணு கதவை அறைந்து சாத்தினார். சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “வண்டி வாங்க வர்றவன் நம்பரை எங்கடி வச்சேன்? வர வேணாம்னு சொல்லித் தொலைக்கணும்!”

தையில் கல்யாணம். அப்புறம் ஓசூரில் வேலை கிடைத்துக் குடிபோனார்கள். மயிலம்மாள் “புல்லட் மருமகள்” என்று இன்றைக்கும் புலம்புகிறாள், பெருமையாகத்தான். கிளம்பிய அன்று ஆனந்தவள்ளியின் வண்டி முன்னால் போய்த் தெருத் திருப்பத்தில் நின்றது. இவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் அவள் ஹாரனாக அடித்தாள், திட்டினாள், முறைத்தாள்… ஆனால் அவன் வந்து சேரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.