பதவி உயர்வில் வந்த குரல்

இறந்துபோன மனைவி எழுப்பிவிட, ஹவில்தார் பெனடிக்ட் எழுந்தான். தினமும் அப்படித்தான்.

"ஏங்க, எந்திரிங்க. சங்கு ஊதியாச்சு."

நிலவின் தென்துருவ முகாமில் சங்கு ஊதினால்தான் காலை. படுக்கையிலிருந்து இறங்கினான். ஈரத்துணியால் முகம் துடைத்தான். அறையின் மூச்சுக்காற்று அளவைப் பார்த்தான். காப்பியைக் குழலில் உறிஞ்சினான்.

"சூடா இருக்கும், மெதுவா," என்றாள் லீமா காதுக்குள். காப்பி ஆறிப்போயிருந்தது.

லீமா தூத்துக்குடியில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நிலவில் எலும்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். முப்பத்து நாலு வயதில் அவனுக்கு இன்று ஓய்வு. துணைக்குரலை எடுத்துவிடுவார்கள்.

துணைக்குரல் என்பது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதிக்கும், அரிசியளவுக் கருவி. வீட்டாரின் குரலில் வீரனோடு பேசும். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் வீரனின் குரலில் பதிலும் சொல்லும். பனிச் சுரங்கத்தைக் காப்பவர்களின் கவனம் சிதறக்கூடாது என்று படை தந்த சலுகை. அதிலும் பதவிக்கேற்ற தரம் உண்டு. சிப்பாயின் கருவி 'ம்' மட்டும் கொட்டும். நாயக்கின் கருவி 'சரிம்மா' என்றும் சொல்லும். ஹவில்தார் ஆனபின் முழுப் பேச்சு.

பெனடிக்ட் மூன்று படியும் ஏறியவன். ஊரில் லீமா பேசும்போது கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் அவன் கொட்டிய 'ம்'களைக் கொண்டுதான் கருவியை முதலில் பழக்கினார்கள்.

கருவியறையில் இருந்த துர்கா கோவில்பட்டிக்காரி.

"தலையச் சாய்ங்கண்ணே. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"எடுக்காம விட முடியாதாம்மா?"

"படைச் சொத்துண்ணே. துப்பாக்கியத் திருப்பிக் குடுத்தீங்கல்ல?"

"துப்பாக்கி எங்கிட்ட சாப்பிட்டீங்களான்னு கேட்டதில்லையே."

துர்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். "அக்கா நெசமாப் பேசினதெல்லாம் உங்களுக்குச் சொந்தம். கடைசி அழைப்பு கேக்காமலே கெடக்கு. போடட்டா?"

"கடைசியா இன்னைக்குக் காலையில பேசினா."

"அண்ணே..."

"சரி, போடு."

திரையில் தேதி தெரிந்தது. அவன் ஹவில்தார் ஆன வாரம்; லீமா இறப்பதற்குச் சில நாள் முன்பு. உணவுக்கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். நிலவில் காய் எகிறினால் இறங்க நேரமாகும்; அதைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பு வந்ததும் காதைத் தட்டிக் கருவியிடம் விட்டுவிட்டு, ஸ்ட்ரைக்கரை எடுத்தான்.

"ஏங்க, ரெண்டு நாளா நெஞ்சுல பாரமா இருக்கு. மாடி ஏற முடியல."

"ஐயோ, எந்தப் பக்கம்மா? டாக்டர்ட்ட காட்டினியா? உன்னத் தனியா விட்டுட்டு வந்துட்டேனே."

அவனுடைய குரல்தான். அவன் ஒருநாளும் பேசாத பேச்சு.

லீமாவுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. வெறும் 'ம்' வந்த வருடங்களில் அவளுக்குச் சந்தேகமே எழுந்ததில்லை.

பிறகு சிரித்தாள்.

"நீ மெஷின்தான? அவரு இவ்வளவெல்லாம் கேக்க மாட்டாரு. பரவால்ல, நீயாவது கேட்டியே."