வீட்டுக்காரர் அடைக்க வேண்டிய பிளவு

மெழுகுவர்த்திச் சுடர் சுவரை நோக்கிச் சாய்ந்ததுதான் நயாடெட்டுக்குப் பிடிபடவில்லை.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க, காற்று ஓயாத புந்தா அரேனாஸ் ஊரில் எல்லோரும் செய்வதுதான்: மெழுகுவர்த்தியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போவார்கள், பிளவு இருக்கும் இடத்தில் சுடர் அறைப்பக்கம் படுக்கும். இங்கே, தொட்டிலுக்குப் பின்னால், பலகைகளுக்கு நடுவே இருந்த இரண்டு விரல் அகலப் பிளவுக்குள் சுடர் இழுபட்டது. நின்றது. பிறகு வெளியே தள்ளப்பட்டது. மறுபடி உள்ளே.

வெளிச்சுவர்த் தகரத்தை அறைந்துகொண்டிருந்த ஊர்க்காற்றோடு இது சேரவே இல்லை. அடுப்பின் சூட்டை நிதானமாக உறிஞ்சிக்கொண்டு, ஈரக் கம்பளியும் நாள்பட்ட இறைச்சியும் கலந்த வாடையோடு, எலும்பைத் தொடும் குளிராக அது திரும்பி வந்தது. தொட்டிலை எந்த மூலைக்கு நகர்த்தினாலும் தேடி வந்தது.

அவள் குழந்தை அம்பாரோ தொட்டிலில் இருமினாள். இன்னொரு முறை குளிர் மார்பில் இறங்கினால் தாங்க மாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நேற்று குழந்தையின் கம்பளிக் காலுறையைத்தான் நயாடெட் பிளவில் திணித்திருந்தாள். காலையில் அது தரையில் கிடந்தது. சொதசொதவென்று. சூடாக.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்காரர் டிராகோ வந்தார். தோல் கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இதெல்லாம் குடியிருக்கறவங்க பாடும்மா. ஒரு துணிய அடைச்சா தீந்துச்சு. முன்னாடி இருந்தவங்க யாரும் வாயத் தொறக்கல."

"அவங்கல்லாம் எங்க?"

"காலி பண்ணிட்டாங்க."

"சட்டி பானை, புள்ள செருப்பு எல்லாத்தையும் விட்டுட்டா?"

அவர் கிளம்பத் திரும்பினார். நயாடெட் விடவில்லை.

"கதவிடுக்கு என் பாடு. நானே மணல் பை தைச்சுப் போட்டிருக்கேன், பாருங்க. சுவர் உங்க பாடு."

"படிச்சவளுக்கு வீடு குடுத்தா இதான் வம்பு."

"ஆமா, படிச்சவதான். எங்க குடும்பத்துலயே மொத ஆளு. ஒப்பந்தத்த வரி விடாம வாசிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சின்னப் பிளவுதானே? கைய வெச்சுப் பாருங்க."

அவர் அசையவில்லை.

"என்ன ஐயா, சொந்த வீட்டுக்கே பயமா?"

அது தைத்தது. விறுவிறுவென்று வந்து இரண்டு விரலைப் பிளவில் வைத்தார்.

சுடர் உள்ளே இழுபட்டது.

விரல்கள் போயின. பிறகு உள்ளங்கை. மணிக்கட்டு. பிளவு அதே இரண்டு விரல் அகலம்தான். முழங்கை. பலகை விரியவில்லை. டிராகோ வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நயாடெட் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு பொத்தான் மட்டும் கையோடு வந்தது.

தோள்.

நின்றது.

கன்னம் பலகையில் அப்பியிருக்க, ஒரு கண் அவளையே பார்த்தது. இமைக்கவில்லை.

காற்று இல்லை. சுடர் நேராக நின்றது. அறை மெல்லச் சூடேறியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்பாரோ இருமாமல் தூங்கினாள்.

நயாடெட் ஓடவில்லை. இது அவள் வாடகை கொடுக்கிற வீடு. தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடைக்கறது உங்க பாடுன்னு சொன்னேனே."

அவர் தோளுக்குக் கீழே, பிளவின் அடியிலிருந்து, தோல் கையுறை விரல் விரலாக வெளியே வந்தது. சொதசொதவென்று. சூடாக. வெறுமையாக.