நீலம் ஏறாத இடம்

தேய வேண்டிய இடம் தேயவில்லை. வெண்டெலுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

தோல் உறையில் காலமெல்லாம் கிடந்த ரிவால்வர் என்றால் குழலின் நுனியும் உருளையின் விளிம்பும் வெளுத்திருக்கும், மற்ற இடத்தில் இரும்புக்கு ஏற்றிய பழைய நீலக்கருப்புப் பூச்சு நிற்கும். போன மாதம் மண்ணுக்குள் போன அப்பா ஆர்லிஸ் விட்டுப்போன இந்தத் துப்பாக்கியிலோ உறை உரசும் இடமெல்லாம் கருகருவென்று இருந்தது. குழலைச் சுற்றி ஒரு பட்டையும், பிடியின் முதுகில் விரல் விரலாகச் சில தடங்களும் மட்டும் வெள்ளிபோல் வெளுத்திருந்தன.

பாட்டன் துப்பாக்கி மூத்த பேரனுக்கு என்பது அந்த மலைக்குடும்பங்களின் வழக்கம். வேலை பார்த்த சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மகன் கோல்பிக்கு, கிறிஸ்துமஸ் அன்று இதைப் புதுசாக்கிக் கையில் கொடுத்தால் பையன் முகத்தில் கொஞ்சமாவது வெளிச்சம் வரும் என்று வெண்டெல் நம்பினான். பெற்ற மனசு, வேறென்ன செய்யும்?

ஞாயிறு மதியம் சர்ச் முடிந்து ஹோபர்ட் வந்தான். சாலைப் பராமரிப்பில் வெண்டெலோடு வேலை செய்பவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"என்னடா, உங்கப்பன் உயிரோட இருந்தப்ப ஒரு சட்டை எடுத்துக் குடுத்ததில்ல, இப்ப அவரு துப்பாக்கிக்குப் புதுச் சட்டையா?"

சிரித்துக்கொண்டே எடுத்து விரல்களைத் தடத்தில் பொருத்திப் பார்த்தான். பொருந்தவில்லை. துப்பாக்கியைத் திருப்பினான், குழல் தன் நெஞ்சைப் பார்க்கும்படி. எல்லா விரலும் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தன, கட்டைவிரல் விசைமேல் போய் நின்றது. சுண்டுவிரலுக்கு மட்டும் தடமே இல்லை. ஆர்லிஸின் சுண்டுவிரல் இளவயதிலேயே சுரங்கத்தில் போய்விட்டது.

ஹோபர்ட் அதைக் கீழே வைத்தான். "இது உறையில தேஞ்சது இல்லடா. திருப்பிப் பிடிச்ச கையில தேஞ்சது. எத்தனை வருஷம் பிடிச்சிருந்தா இரும்பு இப்படித் தேயும்... குண்டெல்லாம் எங்க?"

"காபி டப்பாவுல. சமையக்கட்டு அலமாரி மேல இருக்கு."

"அங்கயே இருக்கட்டும்" என்றான் ஹோபர்ட். அன்று காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

அம்மா செத்தபோது வெண்டெல் சின்னப் பையன். அதற்குப் பிறகு அப்பா இருட்டத் தொடங்கியதும் சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டுப் பட்டறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார். உள்ளே சாய்ந்தாடும் நாற்காலி கிறீச், கிறீச் என்று வெகுநேரம் ஆடும். துப்பாக்கி துடைக்கிறார் என்று நினைத்துக்கொள்வான். கடைசியில் அவர் கட்டிலில், தூக்கத்தில்தான் போனார். ஒரு நாளும் விசையை அழுத்தவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் குழலைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கதவை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைத்தபோது வெண்டெலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் துக்கம் பேரன் கைக்குப் போகக்கூடாது. கடைசிச் சுவடு வரை அழித்துவிட வேண்டும்.

அதே பட்டறையில் வைத்துப் பழைய பூச்சை முழுக்க உரித்தான். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவினான். நீலம் ஏற்றுவது என்றால் பொறுமை வேண்டும்: மருந்தைத் தடவி ஈரக்காற்றில் துருப்பிடிக்க விட்டு, பிறகு கொதிநீரில் போட்டால் செந்துரு கருப்பாகும், மேலே நிற்கும் கரியை எஃகு நாரால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. இடையில் வெறுங்கை பட்டால் போச்சு, தோலின் எண்ணெய் ஒட்டி அந்த இடத்தில் நீலம் ஏறாது. அதனால் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டே தொட்டான். காலையில் மருந்து தடவி, பட்டறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

மாலையில் வந்து பார்த்தால் எல்லா இடத்திலும் துரு பூத்திருந்தது. குழலில் ஒரு பட்டையும் பிடியின் முதுகில் விரல்தடமும் மட்டும் வெளேரென்று இருந்தன.

சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, துருவைக் கொதிநீரில் கருக்கித் தேய்த்து, மறுபடி கழுவி மருந்து தடவினான். மறுநாளும் அதே இடம், இன்னும் தெளிவாக, ரேகை ரேகையாக. பட்டறைக்குள் அப்பா மெல்லும் புகையிலையின் இனிப்பு வாடை. மூலையில் கிடந்த நாற்காலி நடுவுக்கு வந்திருந்தது.

"போதும்ப்பா" என்றான் வெண்டெல், இருட்டைப் பார்த்து. "விட்டுருங்கப்பா. அவன் சின்னப் பையன்."

மூன்றாம் நாள் அந்தி. சன்னல் கண்ணாடியில் உறைபனி. உள்ளே அடுப்பில்லை, நெருப்பில்லை. நாற்காலியில் கை வைத்தான்.

சூடாக இருந்தது.

விளக்கை ஏற்றி ரிவால்வரைக் கிட்டே கொண்டுவந்தான். தடம் இருந்தது. விரல்கள் மெலிந்து, நீண்டு. ஆள்காட்டி. நடு. மோதிரம்.

சுண்டுவிரல்.

முழுசாக.

துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பட்டறையையும் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

மனைவி ரோவீனா பீன்ஸும் சோளரொட்டியும் மேசையில் வைத்திருந்தாள். கோல்பி உட்கார்ந்திருந்தான். முகம் தெளிவாக, பல நாளுக்குப் பிறகு தலைகூட வாரியிருந்தான்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க? உக்காருங்க, ஆறிடப்போகுது."

கோல்பி ரொட்டிக்குக் கை நீட்டினான். உள்ளங்கை முழுக்கக் கரி. துரு கருத்தால் வரும் அதே கரி. கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

சாவி வெண்டெலின் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தான். இருந்தது.

பின்கட்டில் நாற்காலி ஆடத் தொடங்கியது. கிறீச். கிறீச்.

"காத்து" என்றாள் ரோவீனா, யாரும் கேட்காமலே.

"காத்து இல்லம்மா, தாத்தா." கோல்பி ரொட்டியைக் கீழே வைத்தான். "தனியா இருக்க அவரால முடியலையாம். தினமும் நான்தான் கூட உக்காந்திருக்கேன்." அப்பாவைப் பார்த்தான். பார்வையில் கோபமே இல்லை. "நீங்க ஒரு நாள்கூட உள்ள வந்ததே இல்லையாமே, அப்பா?"

வெண்டெலின் கண் தானாக அலமாரிக்குப் போனது. தூசிக்கு நடுவே வட்டமாக ஒரு சுத்தமான இடம். குண்டு இருந்த காபி டப்பா இல்லை.

கோல்பி எழுந்தான். வெண்டெல் பாய்ந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தான். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. மடங்கிய கட்டைவிரலைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தான். அது எதையோ சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது, ஆனால் அந்தக் கைக்குள் எதுவுமே இல்லை.

"விடுங்கப்பா" என்றான் கோல்பி, மெல்ல.

பட்டறையில் நாற்காலி நின்றது. முற்றத்துக் கற்களின்மேல் காலடி கேட்டது. பின்கதவை யாரோ தட்டினார்கள், பொறுமையாக, ஒரே ஒரு தடவை.