எச்சில் தொட்ட விரல்

பழைய சாமான் வியாபாரி விரலை எடுத்துவிட்டார். விரலின் நிழல் மட்டும் கல்லை விட்டு எழவில்லை.

அந்தச் சூரியக் கடிகாரத்தைக் காலையில்தான் வாங்கி வந்து கொல்லையில் இறக்கியிருந்தார். வட்டக் கல், அதில் மணிக் கோடுகள், நடுவே நிழல் தரும் தகடு நின்ற பள்ளம். தகடு இல்லை. விற்றவள் அவர் கேட்ட விலைக்குப் பேரமே பேசாமல் தலையாட்டினாள். இறங்கி வரும் விலை இனிக்கும், ஓடி வரும் விலை நாறும் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர், தன் முறை வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எந்தச் சாமானையும் ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். பித்தளையா முலாமா என்று விரல் சொல்லிவிடும். அந்த விரல்தான் அவருடைய கடை. கல்லையும் அப்படியே தேய்த்தார். ஓடுகிறதா பார்ப்போம் என்று அதை வடக்கு நோக்கித் திருப்பி, தகட்டுக்குப் பதிலாக ஈர விரலையே பள்ளத்தில் சாய்த்து நிறுத்தினார். நிழல் ஒன்பதாம் கோட்டில் விழுந்தது. கைக்கடிகாரமும் அதையேதான் காட்டியது.

இப்போது கையை வெயிலில் விரித்தால் தரையில் நான்கே விரல்கள். ஆள்காட்டி விரல் மரத்துப்போயிருந்தது. கிள்ளினால் யாருடைய சதையையோ கிள்ளுவது போலிருந்தது.

துணி காயப்போட வந்த மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"எலி ஏதாச்சும் செத்துக் கெடக்கா?"

"இல்லையே."

"அப்போ இந்தக் கல்லுதான். கண்டதையும் தொட்டு வாயில வைக்கிறீங்க. என்னைக்காச்சும் வாந்தி எடுத்தாத்தான் புத்தி வரும்."

"வாயை வச்சுத்தான் நம்ம பொழப்பே ஓடுது."

அவள் உள்ளே போய்விட்டாள். வெயில் ஏற ஏற நிழல் குட்டையாக வேண்டும். குட்டையானது, ஆனால் பருத்தது. ஈக்கள் மொய்க்க, ஊறவைத்து மறந்துபோன தோல் போலப் பிசுபிசுத்து, கோட்டுக்குக் கோடு நகர்ந்த வழியெல்லாம் நத்தைத் தடமாக மினுங்க, காய்ந்த எச்சிலின் நாற்றம், தன் சொந்த வாயின் நாற்றம் என்று அவருக்கே அடையாளம் தெரிந்த நாற்றம் குப்பென்று எழும்ப, அதன் நுனியில் நகம் ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. நகக்கண்ணில் அழுக்கு.

உச்சிப் பொழுதில் நிழல் பள்ளத்தை ஒட்டிக் குறுகிவிடும், அப்போது விரலை வைத்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். அந்த விரல் இல்லாமல் நாளைக்கு எதைப் பார்த்து எதை வாங்குவது? உச்சி வந்ததும் விரலைப் பள்ளத்தில் வைத்தார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பல்லில்லாத ஈறு போல ஏதோ கவ்வியது. சப்பியது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மேகம் மூடியது. வேலியின் நிழல் போயிற்று. துணிகளின் நிழல் போயிற்று. கல்லில் அது மட்டும் இருந்தது.

காய்ந்திருந்தது. பொருக்குத் தட்டி, வெடித்து.

விரல் காய்ந்தால் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்.

நிழல் கோடுகளை விட்டு விலகியது. கல்லின் விளிம்பு. தரை. பாதம். சட்டை. தொண்டைக் குழி. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"என்னங்க, சாப்பிட வர்றீங்களா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே அது நாக்கின் மேல் கிடந்தது. உப்பாக. கொழகொழவென்று. நகத்தோடு. நன்றாக நனையும்வரை புரண்டது.

பிறகு, பித்தளையா முலாமா என்று பார்ப்பது போல, அவருடைய பற்களை உள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்க்கத் தொடங்கியது.