சமையல்கார அக்காவின் சுத்தமான கடலை

என் அம்மா நாள் முழுக்க ஊசி போடுவார். ஆனால் அவர் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. அவர் ஊசி போட்டது ஓர் இயந்திரத்துக்கு.

"வலிச்சா அது அழாதாம்மா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"உன்னை மாதிரி ஊரைக் கூட்டாது" என்பார் அம்மா.

பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் போவேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கென்று ஒரு முக்காலி. அந்தப் பக்கம் அம்மா, வரிசையாகப் புட்டிகள், எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் பெரிய குளிர்ப்பெட்டி. அந்த உறுமலைக் கேட்டபடி வீட்டுப்பாடம் எழுதிய மாலைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

"ஏம்மா டப்பாவையெல்லாம் இறுக்கி மூடிக் குளிர்ல வெக்கறீங்க?"

"உள்ள மருந்து வாயு இருக்கான்னு பார்க்கணுமே. கொஞ்சம் திறந்து வெச்சாலும் அது சொல்லாம கொள்ளாம கம்பி நீட்டிடும்."

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் பள்ளிக் கிடங்கில் வேர்க்கடலை மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது. ஆட்கள் வந்து மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, வண்டைக் கொல்லும் புகைமருந்து வைத்தார்கள். வண்டுகள் ஒழிந்தன. ஆனால் மருந்தின் வாயு கடலையில் தங்கியிருந்தால்?

"ஆய்வகத்துல சரின்னு சொல்ற வரைக்கும் ஒரு கடலைகூட யார் வாயிலயும் போகக் கூடாது!" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் விளையாட்டு விழா. விழாவன்று எல்லாருக்கும் அவித்த கடலை உண்டு. ஓட்டத்தில் தோற்றவர்களுக்கும் உண்டு. நான் வருடம் தவறாமல் தோற்பவள்.

ஆய்வகத்துக்குக் கொஞ்சம் கடலையைக் கொண்டுபோகும் பொறுப்பு சமையல்கார அக்காவுக்கு வந்தது. விழாவுக்கு முந்தின நாள், இடைவேளையில் சமையலறையை எட்டிப் பார்த்தேன். அகலமான தட்டில் கடலையைப் பரப்பி, மேலே மின்விசிறியை முழு வேகத்தில் விட்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"நேத்து சாயங்காலமே எடுத்துப் பரப்பிட்டேன். கல்லு, சொத்தை எல்லாம் பொறுக்கியாச்சு. தூசியும் தும்புமா கொண்டுபோய்க் குடுத்தா உங்கம்மா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நானும் உட்கார்ந்து, மிச்சமிருந்த இரண்டு சொத்தைக் கடலையைப் பொறுக்கினேன்.

பள்ளி விட்டதும் இருவரும் ஆய்வகத்துக்குப் போனோம். துவைத்த வெள்ளைத் துணிப்பையில் அக்கா கடலையை நீட்டினார். அம்மா கொஞ்சம் கடலையைப் புட்டியில் போட்டு இறுக்கி மூடினார். காத்திருந்து, உள்ளே இருந்த காற்றை ஊசியால் இழுத்து இயந்திரத்துக்குப் போட்டார். வாயு இருந்தால் திரையில் ஓடும் கோடு மலைபோல் எழும்பும். கோடு படுத்தே கிடந்தது.

"மலையே வரலை. தைரியமா அவிச்சுக் குடுங்க!" என்று சிரித்தபடி அம்மா, தலைமையாசிரியைக்குச் சொல்லத் தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"நாளைக்கு முதல் பிடி உனக்குத்தான்" என்று அக்கா என் கன்னத்தைத் தட்டினார்.

அப்போது குளிர்ப்பெட்டி உறுமியது. உள்ளே இறுக்கி மூடிய டப்பாக்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்தக் கடலை ராத்திரி முழுக்க மின்விசிறிக்குக் கீழே திறந்தே கிடந்ததே! வாயு கம்பி நீட்டியிருக்குமே! ஆனால் மூட்டைகள் பூட்டிய கிடங்கில் கட்டியபடியே இருக்கின்றன. நாளைக்கு அவிக்கப் போவது அந்தக் கடலையைத்தானே!

அக்காவைப் பார்த்தேன். பெருமை தாங்காமல் நின்றிருந்தார். அவர் தப்பு செய்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. பள்ளிக்கூடமே சாப்பிடப் போகிறது.

"அக்கா, நீங்க எப்படிச் சுத்தம் பண்ணீங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்களேன்!" என்றேன்.

அக்கா உற்சாகமாக ஆரம்பித்தார். கல் பொறுக்கியதைச் சொன்னார். தட்டில் பரப்பியதைச் சொன்னார். மின்விசிறிக்கு வந்தபோது அம்மா தொலைபேசியை மெல்லக் கீழே வைத்தார்.

"அடடா! நான் தேடுற வாயுவையும் சேர்த்து விரட்டிட்டீங்களே அக்கா!"

அக்கா முதலில் சிரித்தார். விஷயம் புரிந்ததும் என் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஐயய்யோ, பிள்ளைங்களுக்குக் குடுத்திருப்பேனே!" அவர் கண் கலங்கிவிட்டது.

"உங்க மேல தப்பே இல்லை. எப்படி எடுத்துட்டு வரணும்னு நான்தான் சொல்லி அனுப்பலை" என்றார் அம்மா.

அன்று மாலையே அம்மா பள்ளிக்கு வந்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூட்டையின் நடுவில் குத்தூசியைச் செருகிக் கடலையை எடுத்து, அங்கேயே டப்பாவில் மூடினார். ஆய்வகத்தில் மறுபடியும் ஊசி. இந்த முறை கோடு எழும்பியது. பெரிய மலை! கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

விழாவில் பிஸ்கட் கொடுத்தார்கள். நான் வழக்கம்போல் தோற்றேன். பிஸ்கட் ஆறுதலாகவே இல்லை.

பிறகு ஆட்கள் வந்து கிடங்கின் கதவு ஜன்னலைத் திறந்து, மூட்டைகளைப் பிரித்துப் பல நாள் காற்றாட விட்டார்கள். அம்மா மறுபடி வந்து குத்தூசியால் எடுத்துச் சோதித்தார். கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. அன்று பள்ளிக்கூடம் முழுக்க அவித்த கடலை வாசனை. அக்கா சொன்ன சொல் மாறாமல் முதல் பிடியை என் உள்ளங்கையில் வைத்தார். அந்தச் சூடு இன்னும் கையில் இருப்பதுபோலவே இருக்கிறது.

இப்போது அதே ஆய்வகத்தில் நான் ஊசி போடுகிறேன். முக்காலி இல்லை, இயந்திரமும் புதிது. ஆனால் யாராவது பளபளவென்று ஒரு பொட்டலத்தைப் பெருமையோடு நீட்டினால், ஊசியை எடுப்பதற்கு முன் அவரை உட்கார வைத்து, "எப்படிச் சுத்தம் பண்ணீங்க, சொல்லுங்களேன்!" என்று கேட்டுவிடுகிறேன்.