சிவப்பு இறகு மட்டும்

"இது பசையா, இல்ல சர்க்கரைத் தண்ணியா?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க, கடையில எல்லாரும் நம்மளையே—"

"பார்க்கட்டும்! பார்த்துட்டு வேற கடைக்குப் போகட்டும்! நான் கேட்டதுக்குப் பதில்—"

"பதில் சொல்லத்தானே வாயைத் திறக்கிறேன், நீங்கதான் விட—"

"விட மாட்டேன்! இதோ, நீங்களே பாருங்க!"

ஓர் அம்பு சடாரென்று மேஜைமேல் வந்து விழுந்தது. அவன் இரண்டடி பின்வாங்கினான்.

உண்மையில் அந்தக் கடையில் பேசுகிற ஆள் அவன் இல்லை. பெயிண்டும் பசையும் விற்கும் கடை. பேசுவதெல்லாம் அவனுடைய அக்கா. அவன் பின்னறையில் நின்று வண்ணம் கலக்குகிறவன். அக்கா பல் டாக்டரிடம் போயிருந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் முன்னால் வந்து நின்றான். அந்த ஒரு மணி நேரத்தில்தானா இவள் வர வேண்டும்!

வெளியே தூறல். அவள் இமையில் இரண்டு துளிகள்... கோபத்தில் படபடவென்று இமைத்தும் விழாமல் நின்றன. பசை இல்லாமலே எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அவனுக்குத் தோன்றியது. அட, இப்போது போய் என்ன யோசனை!

அம்பைக் கையில் எடுத்தான். வாலில் மூன்று பிளாஸ்டிக் இறகுகள் இருக்க வேண்டிய இடம். மஞ்சள் இரண்டும் இருந்தன. சிவப்பு இருந்த இடத்தில் வெறும் கோடு.

"எத்தனை அம்புல இப்படி?"

"பன்னிரண்டுல அஞ்சு. திங்கட்கிழமை ஒட்டினேன். இன்னிக்குக் காலையில விட்டுப் பார்த்தேன்... பொல பொலன்னு உதிருது."

"அஞ்சுலயும் எது விழுந்துச்சு?"

"சிவப்பு."

"அஞ்சுமே சிவப்பா? அப்போ பசையைக் குத்தம் சொல்லாதீங்க. மஞ்சளைப் பிடிக்கிற பசைக்குச் சிவப்புமேல மட்டும் என்ன விரோதம்?"

"கடைக்காரர்னா இப்படித்தான் பேசுவீங்க!"

"நான் கடைக்காரர் இல்லீங்க... கலர் கலக்கிறவன்."

"ரொம்ப முக்கியம்!" என்றாள். அதற்குள் குரல் இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை எனக்கு டீம் செலக்‌ஷன். மொத்தம் எழுபத்திரண்டு அம்பு விடணும். போன வருஷம் எழுபத்தோராவது அம்புல சிவப்பு இறகு கழண்டுடுச்சு. பலகையைத் தாண்டிப் புல்லுக்குள்ள போச்சு அந்த அம்பு. ரெண்டே ரெண்டு புள்ளியில டீம் போச்சு. இந்தத் தடவையும் இல்லைன்னா வில்லைப் பரண்ல போட்டுட்டு ஒழுங்கா ஒரு வேலைக்குப் போன்னுட்டார் அப்பா."

அந்த இரண்டு துளிகளும் அப்போதுதான் விழுந்தன. மழைத்துளிதானா...?

"நான் ஒட்டித் தரட்டுமா?" என்றான் அவன், மெதுவாக.

"போட்டி நடுவுல இறகு விழுந்தா உங்களையா கூப்பிடுவேன்? என் அம்பை நானே ஒட்டத் தெரியணும்."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு எல்லாத்தையும் இங்க எடுத்துட்டு வாங்க. என் கண்ணு முன்னாடி ஒட்டுங்க. எங்கே தப்புன்னு பார்க்கிறேன்."

"தப்பு பசையிலதான்!"

"சரி... பசையிலதான். நாளைக்கு வாங்க."

*

மறுநாள் வந்தாள். வியாழக்கிழமை. மழையும் கூடவே வந்தது.

"டேய் கோந்து! அந்த ஸ்டூலைத் தொடைச்சுப் போடுடா!" என்று அக்கா சத்தம் போட்டாள்.

"கோந்தா?" அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"சின்ன வயசுல யார் இடுப்புல ஏத்தினாலும் இறங்கவே மாட்டான்மா. அதான் கோந்து."

அவனுக்கு அந்த நிமிஷமே பெயிண்ட் டின்னுக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் வேலையைத் தொடங்கினாள். எவ்வளவு சுத்தமான வேலை! பழைய பசையைச் சுரண்டினாள். தண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, தொடாமல் காயவிட்டாள். மூன்று இறகுகளின் அடியையும் அப்படியே துடைத்தாள். ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவன் குனிந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இறகைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் கிடுக்கியில் முதல் மஞ்சளைப் பொருத்தினாள். இரண்டாவது மஞ்சளை இடது கை விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள். வலது கையில் பசை. மூன்றாவதுக்குக் கை ஏது? தையற்காரர் குண்டூசியைக் கவ்வுவாரே, அதைப்போலச் சிவப்பு இறகை உதட்டில் கவ்விக்கொண்டாள். அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

இளஞ்சிவப்பாய், மெழுகு பூசினாற்போல மினுமினுத்த உதடு. லிப் பாம். சுத்தமாய்த் துடைத்த இறகின் அடியில் அந்த மெழுகு...

கண்டுபிடித்துவிட்டான்! நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடியே துள்ளல் அடங்கியது. இதை எப்படிச் சொல்வது? எங்கே பார்த்தாய் என்பாளே! முதல் தடவை பார்த்தது வேலைக்காகத்தான்... சத்தியமாக. அதற்கப்புறம் பார்த்தது?

காது சூடாயிற்று. எப்படியோ வாயைத் திறந்தான்.

"உங்க... உதட்டுல... என்ன போட்டிருக்கீங்க?"

கிடுக்கி அந்தரத்தில் நின்றது. அந்தப் பக்கம் தராசில் சுவர்ப் புட்டி நிறுத்துக்கொண்டிருந்த அக்காவின் கையும் நின்றது.

"என்ன கேட்டீங்க?"

"இல்ல... மினுமினுன்னு இருக்கே..."

"ஓஹோ! அம்பு ஒட்டக் கூப்பிட்டுட்டு ஐயா இதைத்தான் உத்து உத்துப் பார்த்துட்டிருந்தீங்களா?"

"ஐயையோ, அப்படியில்லீங்க, அந்தச் சிவப்பு—"

"சிவப்பும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்! உங்களை நல்லவர்னு நினைச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

அம்புகளை அள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போயே விட்டாள்.

"ஏண்டா," என்றாள் அக்கா, நெற்றியில் கை வைத்து. "இருபத்தொன்பது வருஷமா ஒரு பொண்ணுகிட்டயும் வாய் திறக்காம இருந்தியே... திறந்ததும் கேட்கிறதுக்கு இதுதான் கிடைச்சுதா?"

அவன் விளக்கினான். கேட்கக் கேட்க அக்கா சிரித்த சிரிப்பில், முந்தின நாள்தான் அடைத்த பல் வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீ சொல்றது சரிதானான்னு முதல்ல ஒட்டிப் பாரு. சும்மா போய்ச் சொன்னா அந்த அம்பாலேயே குத்திடுவா." கைப்பையைத் துழாவி எதையோ எடுத்து நீட்டினாள். "இந்தா, என்னோடது."

*

வெள்ளிக்கிழமை. அவள் பயிற்சி செய்யும் மைதானத்துத் தகரக் கொட்டகை. மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தனியாக நின்று வில்லின் நாணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேயும் வந்துட்டீங்களா?"

"ஒரே நிமிஷம். இதை மட்டும் தள்ளிப் பாருங்க... போயிடறேன்."

ஒரு துண்டுக் குழாய். அதில் இரண்டு சிவப்பு இறகுகள். வேண்டா வெறுப்பாக வாங்கினாள். முதல் இறகைக் கட்டைவிரலால் தள்ளினாள். அசையவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். ம்ஹூம். இரண்டாவதைத் தொட்டாள்... தொட்டதுதான். கையோடு வந்துவிட்டது.

"வேற வேற பசையா?"

"ஒரே டியூப். நேத்து சாயந்தரம் பக்கத்துல பக்கத்துல ஒட்டினேன். ரெண்டாவதை மட்டும் நீங்க பண்ற மாதிரி பண்ணினேன்."

"நான் எப்படிப் பண்றேன்?"

அவன் சட்டைப்பையிலிருந்து இன்னோர் இறகை எடுத்து உதட்டில் கவ்வினான். "இஃபடி," என்றான்.

அவள் பார்த்தாள். இறகை மட்டுமா? அவனுடைய உதடு இளஞ்சிவப்பாய்ப் பளபளத்தது.

"உங்க உதட்டுல என்ன போட்டிருக்கீங்க?"

அவன் திடுக்கிட்டு இறகை எடுத்தான். "அக்காவோடது... காலையில இன்னொரு தடவை சோதிச்சுப் பார்த்தேன்... துடைக்க மறந்துட்டேன்."

"இந்தக் கோலத்துலயா பஸ்ல வந்தீங்க?"

"பக்கத்துல யாருமே உட்காரலைங்க. ஏன்னு இப்பதான் புரியுது."

சிரித்துவிட்டாள். தகரத்தில் விழும் மழையையும் மீறி அப்படி ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள்... உட்கார்ந்த இடத்திலேயே சிரிப்பு நின்றது.

"நாணை இழுத்துப் பிடிக்கும்போது உதட்டுல உரசும். உரசி உரசி வெடிச்சுடும். அதுக்குத்தான் தினமும் போடுவேன்... போன வருஷமும்." நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ அதுவும் நான்தானா? இறகு வித்தவரைத் திட்டினேன். பசை கம்பெனிக்கு நாலு லெட்டர் போட்டேன். ஒரு வருஷமா எல்லாரையும்..."

"என்னையும்."

"உங்களையும்தான். நேத்து வேற..." அவள் குரல் உடைந்தது. "மன்னிச்சுடுங்க."

"அதெல்லாம் அப்புறம் சாவகாசமா கேட்டுக்கலாம். முதல்ல பன்னிரண்டு சிவப்பையும் பிய்ச்சாகணும். ஒரு நாள் முழுக்கக் காயணும்ல... எழுந்திருங்க."

அன்று சாயங்காலம் கடையில் இரண்டு பேருமாக உட்கார்ந்தார்கள். சிவப்பு இறகை வைத்துக்கொள்ள ஒரு தட்டு போதும். ஆனாலும் அவன்தான் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் அவள் விரல் வந்து அவன் விரலிலிருந்து வாங்கிக்கொண்டு போயிற்று. ஒட்டியபின் ஐந்து நிமிஷம் கிடுக்கியைத் தொடாமல் இருக்க வேண்டும். பன்னிரண்டு ஐந்து நிமிஷங்கள்... எப்படிப் போயின என்று இருவருக்குமே தெரியவில்லை. அக்கா அந்தப் பக்கமே வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை... பார்க்க வரலாமா?"

"வந்தா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நான் எப்போங்க பேசினேன்?"

*

ஞாயிற்றுக்கிழமை அவன் கயிற்றுக்கு வெளியே நின்றான். மேகம் கவிந்திருந்தது. காற்று இடப்பக்கமிருந்து அடித்தது. அறுபத்தெட்டு... அறுபத்தொன்பது... எழுபது.

எழுபத்தோராவது அம்பை எடுத்தவள் சற்று நேரம் சும்மா நின்றாள். அவள் தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. நாண் இழுபட்டது... உதட்டைத் தொட்டது... விட்டாள்.

பலகையில் 'தப்'பென்று ஒரு சத்தம். அதற்கடுத்து இன்னொரு 'தப்'.

பட்டியல் ஒட்ட அரை மணி நேரமாயிற்று. நான்கு பேர் டீம். நான்காவது இடம். ஒரே ஒரு புள்ளியில்!

வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நேராக அவனிடம் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"எழுபத்திரண்டுலயும் இறகு நின்னுச்சு! பார்த்தீங்கல்ல?"

"இல்ல."

"என்ன இல்ல? காலையிலேர்ந்து இங்கேதானே நின்னீங்க?"

"அம்பு போற பக்கமே பார்க்கலைங்க. விடறவங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன்... புதன்கிழமையிலேர்ந்தே அப்படித்தான்."

இந்தத் தடவை அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"புதன்கிழமை உங்களைத் திட்டிட்டுத்தானே இருந்தேன்?"

"ஆமா... நல்லா திட்டினீங்க."

"வீட்டுக்குப் போயும் அதே நினைப்புதான்," என்றாள், புல்லைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் கலர் கலக்கிறவரை இன்னும் கொஞ்ச நேரம் திட்டியிருக்கலாமேன்னு... வேற என்ன சாக்கு வெச்சு அங்க போகலாம்னு... நீங்க நாளைக்கு வாங்கன்னு சொல்லாம இருந்திருந்தாலும் வந்திருப்பேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பெரியவர் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு, மெல்ல, இவர்கள் இருவரையும் பார்த்தபடியே நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "வந்ததும் நீங்க யாருன்னுதான் கேட்பார்... சீக்கிரம் சொல்லுங்க, என்னன்னு சொல்லட்டும்?"